ஏழாம் மாடிக் காற்று

சப்ரி வேலையை விட்டுத் தோஹாவுக்குப் போகிறான் என்ற செய்தி காலை எட்டரைக்குப் பொரளை அலுவலகத்துக்கு வந்தது. எட்டு நாற்பதுக்கு மிதுனா மேலாளர் வலன்ரைனின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சேர், வெள்ளவத்தை ரூட்டை எனக்குத் தாங்க."

வலன்ரைன் பிளேன்ரீக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "அவன் இன்னும் பிளேன் ஏறேல்லப் பிள்ளை."

"அவன் ஏறினாப் பிறகு கேட்டா, வேற ஆருக்கோ குடுத்திட்டன் எண்டு சொல்லுவீங்க."

அது லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் கம்பனி. கொழும்பை அவர்கள் ஒன்பது 'ரூட்'டாகப் பிரித்திருந்தார்கள். சப்ரியிடம் இருந்த வெள்ளவத்தை ரூட்டில் முப்பத்தொரு கட்டடங்கள். ரூட் ஒருவனிடம் இருக்கிறதென்றால் அந்தக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளெல்லாம் அவன் பொறுப்பு. மாதாமாதம் போய்ப் பார்ப்பான், பழுதென்றால் ஓடுவான், ஒவ்வொரு கட்டடத்தின் மெஷின் அறையிலும் தொங்கும் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பான். நாற்பத்திரண்டு பேர் வேலை செய்த பராமரிப்புப் பிரிவில் மிதுனா ஒருத்திதான் பெண். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், வயது இருபத்தேழு. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த றிகாஸும் அவளும் நான்கு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். றிகாஸுக்கு இரண்டு வருடத்திலேயே தெஹிவளை ரூட் கிடைத்தது. மிதுனா இன்னும் 'உதவியாளர்'. வேலையை அவள் செய்வாள், கையெழுத்தை வேறொருவன் வைப்பான்.

வலன்ரைன் கெட்ட மனிதர் அல்ல. "எங்களிட்ட ஒரு லேடி டெக்னீசியனும் இருக்கிறா" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். இந்த வருடக் கம்பனிக் கலண்டரில் மார்ச் மாதப் படமே அவள்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒருநாளும் அவள் பாவித்திராத புத்தம் புதிய ஸ்பனர்.

"உன்ர வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. பில்டிங் ஆக்கள்தான்… ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து நிண்டா நம்பமாட்டினம்."

"எந்த பில்டிங் சேர்? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கதைக்கிறன்."

வலன்ரைன் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்தில் இருக்கும் நெய்தல் கோர்ட் என்ற பத்து மாடிக் கட்டடத்தின் நிர்வாகக் குழு எழுதியது. ஆறு கிழமைக்குள் லிஃப்ட் பதினான்கு தடவை நடுவழியில் நின்றிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்வார்களாம்.

"சப்ரி பார்த்தான். சப்ரிக்கு மேல ரெண்டு பேர் பார்த்தாங்கள். கொன்றோலர் போர்ட்டை மாத்தினம், கேபிளை மாத்தினம். ஒண்டும் சரிவரேல்ல. நீ இதைக் கண்டுபிடி, பிறகு ரூட்டைப் பற்றிக் கதைப்பம்."

"றிகாஸுக்கு ரூட் குடுக்கேக்க, அவன் எதைக் கண்டுபிடிச்சவன் சேர்?"

வலன்ரைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது.

மிதுனா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "கண்டுபிடிக்கிறன். ஆனா இது வேற, அது வேற. ரூட்டுக்கான விண்ணப்பம் திங்கட்கிழமை உங்கட மேசைக்கு வரும். மேல ஏறி வேலை செய்ய ரெண்டு பேர் வேணும், றிகாஸை எனக்கு உதவிக்கு அனுப்புங்க."

"றிகாஸை உனக்கு உதவிக்கு?"

"ஓம் சேர்."

படிகளில் அவள் தடதடவென்று இறங்கினாள். கோபம்தான். ஆனால் வெள்ளவத்தை பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது கோபத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. பதினான்கு தடவை. மூன்று அனுபவசாலிகள். ஒருவருக்கும் அகப்படாத பிழை! அப்படிப்பட்ட பிழை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் ஆயுளில் ஒன்றோ இரண்டோதான் வரும். தேர்வு மண்டபத்துக்குள் கேள்வித்தாளைத் திருப்பப் போகிறவளைப் போல அவள் கடிதத்தை மறுபடியும் பிரித்தாள்.

றிகாஸ் நெய்தல் கோர்ட் வாசலிலேயே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான். "எனத்த செஞ்சு வெச்சீக்கிற நீ? வலன்ரைன் சேர் எனக்குக் கோல் எடுத்து, 'மிதுனாட அஸிஸ்டன்ட்டாப் போ' எண்டு செல்றாரு!"

"பையைத் தூக்கு," என்றாள் மிதுனா. அவன் சிரித்துக்கொண்டே தூக்கினான்.

நிர்வாகக் குழுத் தலைவர் நாகேந்திரம் ஓய்வுபெற்ற கணக்காளர். கீழ் மண்டபத்தில் கோப்புடன் நின்றவர் மிதுனாவைத் தாண்டி நேரே றிகாஸிடம் போனார்.

"தம்பி, இந்த முறையாவது ஒழுங்காப் பாருங்கோ. எல்லாத்துக்கும் காரணம் கடற்கரைத் தண்டவாளத்தில போற ரெயின்தான். மாத்தறை ரெயின் போகேக்க கட்டடமே அதிருது. நான் கவனிச்சனான்."

"அங்கிள், பொறுப்பு அவங்கதான்," என்று றிகாஸ் மிதுனாவைக் காட்டினான்.

நாகேந்திரம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மறுபடியும் றிகாஸிடம், "ரெயின் அட்டவணையும் எடுத்து வச்சிருக்கிறன் தம்பி," என்றார்.

மெஷின் அறைக்குப் போய் மிதுனா பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். லிஃப்ட் நின்ற ஒவ்வொரு தடவையும் இயந்திரம் சொன்ன காரணம் ஒன்றேதான்: கதவுப் பூட்டு திறந்திருக்கிறது. எந்த மாடிக் கதவு என்று அந்தப் பழைய இயந்திரத்துக்குச் சொல்லத் தெரியாது. பத்து மாடிக் கதவுகளின் பூட்டுகளும் ஒரே கம்பியில் கோர்க்கப்பட்டவை. அதில் ஏதாவதொன்று கண் சிமிட்டும் நேரம் விலகினால் போதும், லிஃப்ட் அந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒருவர் வந்து சரிசெய்யும்வரை அசையாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சப்ரி எல்லாக் கதவுகளையும் சோதித்து 'சரி' என்று எழுதியிருந்தான். அவனுக்கு மேலானவர்களும் சோதித்து 'சரி' என்று எழுதியிருந்தார்கள். மிதுனாவும் பத்துக் கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

அவள் ஒரு தாளில் பதினான்கு நேரங்களையும் வரிசையாக எழுதினாள். எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"றிகாஸ், இதைப் பார். எல்லாம் பின்னேரம். மூண்டு மணிக்கு முந்தி ஒண்டுகூட இல்ல."

"சரி?"

"எங்கட ஆக்கள் வந்து பார்த்த நேரத்தைப் பார்."

றிகாஸ் பக்கங்களைப் புரட்டினான். ஒன்பதரை. பத்து. பத்தேகால். "அட! எல்லாரும் காலையில வந்து காலையிலயே போயீக்கிறாங்க."

"ஓம். வருத்தம் வராத நேரத்தில நோயாளியைப் பார்த்தா நல்ல சுகம் எண்டுதான் எழுதுவினம்."

பின்னேரம்வரை இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. முதலில் நாகேந்திரத்தின் ரெயிலைச் சோதித்தார்கள். றிகாஸ் மொட்டை மாடியில் நின்று ரெயில் வரும்போது போனில் சொல்ல, மிதுனா லிஃப்ட்டில் மேலும் கீழுமாகப் போய்வந்தாள். மூன்று மணிக்குள் ஐந்து ரெயில்கள் போயின. கட்டடம் அதிர்ந்தது, மெஷின் அறையில் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. லிஃப்ட் மட்டும் கொஞ்சமும் தயங்காமல் ஓடியது.

நாலு இருபதுக்கு, ரெயில் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத நேரம், காவலாளி கீழேயிருந்து கத்தினார்: "மிஸ்! லிஃப்ட் எக்க ஆயெத் நெவதிலா!"

மறுபடியும் நின்றுவிட்டது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். உள்ளே நாகேந்திரம்.

மிதுனா இரண்டிரண்டு படியாகத் தாவி மெஷின் அறைக்கு ஓடினாள். மின்சாரத்தை நிறுத்தினாள், பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள், கம்பிகளில் போட்டிருந்த அடையாளம் வரும்வரை கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினாள். தோள்மூட்டு எரிந்தது. மூன்றாம் மாடிக்குச் சமமாக வந்ததும் "திற!" என்று போனில் சொன்னாள். வெளியே நின்ற றிகாஸ் சாவி போட்டுக் கதவைத் திறந்தான்.

வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த நாகேந்திரம் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தாங்க்ஸ் தம்பி. பெரிய உதவி."

மூச்சிரைக்க இறங்கிவந்த மிதுனா அதைப் பார்த்தாள். றிகாஸ் அவளைப் பார்த்து உதட்டைக் கடித்தான். "அங்கிள், நான் கதவ மட்டுந்தான் தொறந்த. லிஃப்ட்ட எறக்கினது அவங்க."

"ஓமோம்," என்றார் நாகேந்திரம், யாருக்கும் இல்லாமல்.

ஆனால் மிதுனாவுக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. "ரெயின் இல்லாமலே நிண்டது! கண்டனியா? ரெயின் இல்ல!" என்று அவள் றிகாஸின் தோளில் குத்தினாள். தேடவேண்டிய வழிகளில் ஒன்று மூடிக்கொண்டது அவளுக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் புதன்கிழமை பிழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பகல் ஒரு மணி முதல் மாலை ஆறரை வரை லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. இடையில் இருவரும் காலி வீதிக்கு நடந்து ஒரு சைவக் கடையில் வடையும் பிளேன்ரீயும் எடுத்தார்கள்.

"உன்ர பதவி உயர்வுக் கடிதத்தை எனக்குக் காட்டுவியா?" என்று மிதுனா கேட்டாள்.

றிகாஸ் வடையைத் தட்டில் வைத்தான். "நான் கேக்கவே இல்ல மிதுனா. ஒரு நாள் சேர் கூப்பிட்டுத் தந்தாரு. உனக்கும் தந்தீப்பாருண்டுதான் நெனச்சன். பொறகு தரல்லண்டு தெரிஞ்சது. தெரிஞ்ச பொறகும் நான் ஒண்டும் கேக்கல்ல." அவன் போனை எடுத்துத் தேடினான். "அத நெனச்சா எனக்கே ஒரு மாதிரி ஈக்கி. இந்தா."

கடிதத்தில் பரீட்சை எதுவும் குறிப்பிடப்படவில்லை, நிபந்தனையும் இல்லை. 'இரண்டு வருட திருப்திகரமான சேவையைக் கருத்திற்கொண்டு முதலாம் தரத் தொழில்நுட்பவியலாளராக உயர்த்தப்படுகிறீர்கள்.' ஒரே வசனம்தான். மிதுனா அதை மூன்று தடவை வாசித்தாள்.

"இதை எனக்கு அனுப்பு."

"அனுப்பிட்டன்," என்றான் றிகாஸ்.

வியாழக்கிழமை பகல் இரண்டரை மணியளவில் மிதுனா ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வெள்ளி. கையிலிருந்த தாளில் கேள்விக்குறிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்போது ஒரு பெண் இரண்டு கைகளிலும் மரக்கறிப் பைகளுடன் படியேறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூச்சு வாங்கியது.

"அக்கா, லிஃப்ட் ஓடுதே. ஏன் இந்தப் பாரத்தோட படியில ஏறுறீங்க?"

"இந்த நேரத்துக்கு நான் அதுல ஏறமாட்டேங்க. நம்ம ரீச்சர் இப்ப வந்துருவாங்க. அவங்க வந்து பால்கனிக் கதவத் தொறந்தா லிஃப்ட் அழுவும். அழுதா நின்னுரும்."

மிதுனா எழுந்து நின்றாள். "அழுமா?"

"ஆமாங்க. ஊங்ங்னு. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவள் பெயர் ஆறாயி. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து ஏழாம் மாடியில் ஓர் ஆசிரியையின் வீட்டில் வேலை செய்கிறாள். கடல் பார்த்த வீடு. ஆசிரியை பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் புழுக்கம் தாங்காமல் கடல் பக்கத்துக் கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்து வைப்பாராம். வாசலில் கம்பிக் கேற் இருப்பதால் பயமில்லை. காற்று வீட்டுக்குள்ளால் பாய்ந்து லிஃப்ட் இருக்கும் கூடத்துக்கு வரும்.

"நேற்றும் திறந்தவவா?" மிதுனாவின் குரல் உயர்ந்துவிட்டது.

"நேத்து அவங்களுக்கு மீட்டிங்கு. ஏழு மணிக்குத்தான் வந்தாங்க. வீடு பூட்டிக் கெடந்துச்சு."

"அக்கா! இதை நீங்க ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"வந்தவங்க எல்லாம் பெரிய தொரைங்ககிட்டதானே பேசிக்கிட்டிருந்தாங்க. எங்கிட்ட யாரு கேட்டா?"

மிதுனா அவளிடமிருந்து ஒரு பையைப் பறித்துக்கொண்டு ஏழாம் மாடிக்கு ஓடினாள். ஆறாயி பின்னாலேயே, "மெதுவாங்க, தக்காளி இருக்கு!" என்று கூவிக்கொண்டு வந்தாள்.

கூடத்தின் கோடியில் ஒரு கண்ணாடி ஜன்னல் பளபளத்தது. அலுமினியச் சட்டத்தில் இன்னும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருந்தது.

"இது எப்ப போட்டது?"

"மே மாசங்க. முன்னுக்கு இந்த எடத்துல காத்துப் போற வெறும் ஓட்டைக் கல்லுதான்."

மிதுனா ஜன்னலைப் பார்த்தாள், லிஃப்ட் கதவைப் பார்த்தாள், ஆசிரியையின் வாசலைப் பார்த்தாள். முன்பு காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போயிருக்கிறது. இப்போது போக வழியில்லை. வழியில்லாத காற்று எதைத் தள்ளும்?

"றிகாஸ்!" அவள் போனில் கத்தினாள். "மேல வா! ஓடி வா!"

லிஃப்ட்டைச் சோதனை நிலைக்கு மாற்றி, அதன் கூரையில் இருவரும் ஏறி, ஏழாம் மாடிக் கதவின் உட்புறம் முகத்துக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்தினார்கள். சுற்றிலும் இருட்டு. எண்ணெய் மணமும் தூசியும். மிதுனா டோர்ச்சைக் கதவின் மேலிருந்த பூட்டில் பிடித்தாள். இரண்டு சிறிய பித்தளைத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. சரியாக, ஒழுங்காக, மூன்று பேர் எழுதியபடியே.

அதற்குள் ஆசிரியை வந்துவிட்டார். ஆறாயி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மிதுனா ஆறாயிக்குப் போன் எடுத்தபோது இரண்டு பெண்களின் குரலும் சேர்ந்து கேட்டது.

"ஆறாயியக்கா, இப்ப திறங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கதவிடுக்கில் மெல்லிய ஊளை எழுந்தது. ஊங்ங்… அது வளர்ந்தது. மிதுனாவின் கழுத்தில் குளிர்காற்று பட்டது. அவள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, கதவு முழுவதும் மூச்சு இழுப்பதைப் போல உள்பக்கமாக ஒரு விரலளவு வளைந்தது. பித்தளைத் துண்டுகள் ஒரு மயிரிழை விலகின. அந்த இடைவெளியில் நீலமாக ஒரு பொறி.

"கண்டன்!" அவளுடைய கூச்சல் பத்து மாடிக் குழிக்குள் மேலும் கீழும் எதிரொலித்தது. "கண்டன்! கண்டன்! றிகாஸ், நீயும் கண்டனியா?"

"அல்லாஹ்! கண்டன், கண்டன்! நீ துள்ளாத, நாம லிஃப்ட்டுக்கு மேல நிக்கிற!"

அவள் டோர்ச்சைக் கீழே இறக்கினாள். கதவின் அடியை நேராகப் பிடித்து வைத்திருக்கும் நைலோன் கட்டைகள் உப்புக் காற்றிலும் மணலிலும் பாதியாகத் தேய்ந்திருந்தன. அதனால்தான் கதவு ஆடுகிறது. இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றால் மூன்றாம் மாடியில் தேடினார்கள், ஒன்பதில் நின்றால் ஒன்பதில் தேடினார்கள். பிழையோ முழு நேரமும் ஏழாம் மாடியில் உட்கார்ந்திருந்தது. காற்று ஓய்ந்ததும் கதவு தன்னிடத்துக்குத் திரும்பிவிடும். காலையில் வந்து பார்த்தவனுக்கு எல்லாம் சரி.

அவள் கூரைமேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. றிகாஸும் சிரித்தான். வெளியே ஆறாயி, "என்னங்க, சாத்தட்டுமா? தொறந்தே கெடக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மிதுனாவும் றிகாஸும் பத்து மாடிக் கதவுகளுக்கும் புதிய நைலோன் கட்டைகள் போட்டு, ஏழாம் மாடிப் பூட்டைச் சரிசெய்து முடித்தார்கள். மூன்று மணிக்கு வலன்ரைன் வந்தார். நாகேந்திரமும் குழுவினர் நாலைந்து பேரும் ஏழாம் மாடிக் கூடத்தில் கூடினார்கள். ஆசிரியையும் ஆறாயியும் வாசலில் நின்றார்கள். மிதுனா பழைய கட்டைகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். பால்கனிக் கதவு திறக்கப்பட்டது. காற்று வந்தது. கதவு அசையவில்லை. லிஃப்ட் இருபது தடவை மேலும் கீழும் போய்வந்தது.

"சோழகக் காற்று," என்றார் நாகேந்திரம் மெதுவாக. "இந்த மாதங்களில கடல் பக்கத்தால அடிச்சு வாங்கும். ஆனா போன வருசமும் சோழகம் அடிச்சதுதானே? அப்ப ஏன் நிக்கேல்ல?"

கேள்வியை அவர் வழக்கம்போல றிகாஸின் பக்கம் திரும்பித்தான் தொடங்கினார். பாதி வழியில் நிறுத்தி, மிதுனாவின் பக்கம் திரும்பி முடித்தார்.

"போன வருசம் அந்தக் கண்ணாடி இல்ல அங்கிள்," என்று மிதுனா ஜன்னலைக் காட்டினாள். "அதால போற காற்று இப்ப லிஃப்ட் கதவில மோதுது."

குழுவில் இருந்த ஒருவர் இருமினார். ஆசிரியை புன்னகையை மறைக்கத் தலை குனிந்தார்.

"அது… மழைத்தண்ணி அடிக்குது எண்டு நான்தான் போடுவிச்சனான்," என்றார் நாகேந்திரம். காதுகள் சிவந்திருந்தன. பிறகு கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "பிள்ளை, கழட்டத்தான் வேணுமோ?"

"முழுக்கக் கழட்டத் தேவையில்ல. சாய்வுத் தட்டு வச்ச ஜன்னலா மாத்துங்க. மழை வராது, காற்றுப் போகும்."

"சாய்வுத் தட்டு," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "எத்தினை அங்குல இடைவெளி?"

அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். பத்து நிமிடங்கள் அவர் றிகாஸை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புறப்படுமுன் வலன்ரைன் மெஷின் அறைக்கு ஏறிப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். கண்ட பிழை, காரணம், செய்த வேலை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. 'தகவல் தந்தவர்' என்று மிதுனா தானே ஒரு வரி சேர்த்து ஆறாயியின் பெயரையும் எழுதியிருந்தாள். 'பொறுப்பு' என்ற இடத்தில் ஏற்கெனவே மிதுனாவின் கையெழுத்து இருந்தது. வலன்ரைன் அதைச் சற்று நேரம் பார்த்தார். பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

திங்கட்கிழமை சொன்னபடி விண்ணப்பம் அவருடைய மேசைக்கு வந்தது. இரண்டு கோரிக்கைகள். ஒன்று, வெள்ளவத்தை ரூட். மற்றது, முதலாம் தரம், அதுவும் றிகாஸுக்குக் கிடைத்த அதே திகதியிலிருந்து. பின்னால் றிகாஸின் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது.

"இது றிகாஸின்ர கடிதமெல்லோ?"

"ஓம் சேர். அவன்தான் தந்தவன்."

"இதெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் காட்டுற சாமான் இல்லப் பிள்ளை."

"அதாலதான் சேர், எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு."

வலன்ரைன் கதிரையில் சாய்ந்தார். சுவரில் கலண்டர் ஜூன் மாதத்துக்கு வந்திருந்தது, ஏதோ ஒரு ஹோட்டலின் கண்ணாடி லிஃப்ட். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஒரு உண்மை சொல்லட்டா?" என்றார் கடைசியில். "எந்த பில்டிங் ஆக்களும் என்னட்ட வந்து பொம்பிளை வேண்டாம் எண்டு சொன்னதில்ல. சொல்லுவினம் எண்டு நான்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

மிதுனா நான்கு வருடம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "தலைமை அலுவலகத்துக்குக் கோல் எடுங்க சேர்," என்றாள். "நான் இங்கயே இருக்கிறன்."

அவர் எடுத்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு சிங்களத்தில், இடையில் குரலை உயர்த்தி, அரை மணி நேரம் கதைத்தார். போனை வைத்தபோது நெற்றியைத் துடைத்தார்.

"ரூட் உனக்கு. ஜூலை முதலாம் திகதியில இருந்து. தரமும் அதே நாளில இருந்துதான். பின்திகதியிட்டுத் தர ஏலாதாம், செப்டெம்பர்க் கூட்டத்தில பார்ப்பினமாம்."

"செப்டெம்பர்ல திரும்பி வருவன்."

"வருவாய் எண்டு தெரியும்," என்றார் வலன்ரைன், சிரிக்காமல்.

வெளியே வந்து அவள் முதலில் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். பிறகு றிகாஸுக்கு. றிகாஸ் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜூலை முதலாம் திகதி காலை ஏழரை மணி. முப்பத்தொரு மெஷின் அறைகளின் சாவிகள் ஒரே வளையத்தில். பைக்குள் போட்டால் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, இடுப்பில் கட்டினால் நடக்கும்போது கிலுங்கியது. மிதுனா இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள். காலி வீதியில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போன் அடித்தது. அறிமுகமில்லாத எண், பதற்றமான ஒரு பெண் குரல்.

"ஹலோ, வெள்ளவத்தைக்குப் பொறுப்பான ஆள் வேணும். எங்கட லிஃப்ட் எட்டாம் மாடியில மட்டும் கதவை மூடமாட்டன் எண்டு நிக்குது. மற்ற மாடியெல்லாம் நல்லா மூடுது. ஆரையாவது அனுப்புவீங்களா?"

"நான்தான் பொறுப்பு. வந்துகொண்டிருக்கிறன்," என்றாள் மிதுனா. எதிரில் பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டில் வாகனங்கள் மெல்ல நின்றன. அவள் வேகமாக வீதியைக் கடந்தாள். "எட்டாம் மாடியில மட்டுமா? எப்ப தொடங்கினது? நீங்க கவனிச்சதையெல்லாம் சொல்லுங்க, ஒண்டும் விடாமச் சொல்லுங்க."